நெல்லுக் கணக்கும் ஒரு நிமிர்ந்த கோடும்

மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து வீதியோரமெல்லாம் நெல்லுக் காய்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஒரு பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்குக் கணக்குப் பார்ப்பவர் அவர். அதற்கு முன் பல வருடம் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடுகிற வேலை பார்த்தவர்.

"தம்பி, எந்த ஊரிலயிருந்து எத்தினை மூடை வந்தது எண்டு பாக்கவேணும்."

ஒரு வரி தட்டினேன். விடை வந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை.

"சரி, விடை வந்திட்டுது. இடையில என்ன நடந்தது? அதைக் காட்டு."

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. துருசில் திறந்துவிட்ட தண்ணீர் கடைசி வயலுக்குக் குறைவாக வந்தால், எந்த இடத்தில் உடைப்பு என்று வாய்க்கால் வரம்பால் நடந்து போய்ப் பார்த்துப் பழகியவர். அன்று நான் அவருக்குக் காட்டியதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன். கட்டளை வரியை, அதாவது சுட்டியால் சொடுக்காமல் கட்டளையை எழுத்தாகத் தட்டிக் கணினியிடம் வேலை வாங்கும் இடத்தை, இதுவரை தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் முதன்முதலாக வரும்போது அதன் எழுத்துக் கூட்டலைச் சொல்லிவிடுவேன். கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அதில் தடை எதுவும் இல்லை. நம்முடைய கோப்பின் பெயர் 'நெல்லு'.

எங்கே தட்டுவது? லினக்ஸ் உள்ள கணினியிலும் மேக்கிலும் டெர்மினல் என்ற செயலி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்ளலாம். மடிக்கணினி இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலியை நிறுவி இதில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். பத்து வருடப் பழைய கணினி போதும். எக்செல் திறக்கவே மூச்சு வாங்குகிற இயந்திரத்தில்கூட இவை ஓடும்.

சரி, கோப்பு. பெரியப்பாவின் உண்மைக் கணக்கை இங்கே போட முடியாது. அதே வடிவத்தில் எட்டு வரி நானே எழுதியிருக்கிறேன். திகதி, ஊர், நெல்லின் வகை, மூடை எண்ணிக்கை, இடையில் காற்புள்ளி.

2024-02-11,வட்டக்கச்சி,நாடு,42
2024-02-11,முரசுமோட்டை,சம்பா,18
2024-02-12,உருத்திரபுரம்,நாடு,30
2024-02-12,வட்டக்கச்சி,நாடு,25
2024-02-13,வட்டகச்சி,சம்பா,12
2024-02-13,முரசுமோட்டை,நாடு,36
2024-02-14,உருத்திரபுரம்,நாடு,9
2024-02-14,வட்டக்கச்சி,சம்பா,20

இதை வெறும் எழுத்துக் கோப்பு என்பார்கள். நிறம் இல்லை, தடித்த எழுத்து இல்லை, பெட்டிக் கோடுகள் இல்லை. வரிக்குப் பின் வரி, அவ்வளவுதான். நாம் பார்க்கப்போகிற கருவிகள் எல்லாம் இந்த ஒன்றைத்தான் சாப்பிடும், இந்த ஒன்றைத்தான் வெளியே தரும். ஒரு கருவியின் வாயை இன்னொரு கருவியின் வாலோடு பூட்ட முடிவதற்கு அதுவே காரணம்.

எட்டு வரிக்குக் கணினி எதற்கு என்று கேட்பீர்கள். எட்டு வரி என்றால் விரலே போதும். ஆனால் எட்டு வரிக்குத் தட்டுகிற கட்டளையையே எட்டு இலட்சம் வரிக்கும் தட்டலாம். பழகுவதற்கு விடை கண்ணுக்குத் தெரிகிற சின்னக் கோப்புத்தான் நல்லது.

சுளகும் அரிதட்டும்

நெல்லு சோறாவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவிக்கக் கிடாரம், குற்ற உரல், உமி போக்கச் சுளகு, குறுணல் பிரிக்க அரிதட்டு, கல்லுப் போக்க அரிக்கன்சட்டி, அளக்கக் கொத்து. சுளகுக்குக் குற்றத் தெரியாது. உரலுக்குப் புடைக்கத் தெரியாது. தனக்கு முன்னால் யார் வேலை செய்தார், பின்னால் யார் செய்யப்போகிறார் என்பதும் அதற்குத் தெரியாது. தன் ஒரு வேலையை மட்டும் சரியாகச் செய்யும். கட்டளை வரிக் கருவிகளும் இந்த இனம்தான்.

அளக்கிற கொத்திலிருந்து தொடங்கலாம். டபிள்யூசி (எழுத்தும் அதே இரண்டுதான்) எண்ணிச் சொல்லும்.

டபிள்யூசி -எல் நெல்லு

8 என்று, பக்கத்தில் கோப்பின் பெயரோடு, வரும். அந்த '-எல்' வரிகளை எண்ணு என்பதற்கு. இப்படிக் கோட்டோடு வருகிறவை கருவிக்கு நாம் சொல்லும் சிறு குறிப்புகள்.

அடுத்தது கிரெப், ஜி ஆர் ஈ பி. கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் போகவிட்டு மற்றதைத் தடுக்கும்.

கிரெப் சம்பா நெல்லு

மூன்று வரி வரும். '-வி' சேர்த்தால் தலைகீழ்: சம்பா இல்லாத ஐந்து வரி. இதில் தொடக்கக்காரர் எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி ஒன்று இருக்கிறது. 12 மூடை வந்த வரி எது என்று பார்க்க 'கிரெப் 12 நெல்லு' என்று தட்டினால் மூன்று வரி வரும். ஏன்? 12ஆம் திகதி வரிகள் இரண்டிலும் 12 இருக்கிறதே! கிரெப்புக்குத் திகதியும் தெரியாது, மூடையும் தெரியாது, எழுத்து வரிசை மட்டுமே தெரியும். ஆகவே சரியாகச் சொல்ல வேண்டும்: ',12$' என்று, ஒற்றை மேற்கோளுக்குள். டொலர் குறி 'வரி இங்கே முடிய வேண்டும்' என்று பொருள். இப்போது ஒரே வரி. வரியின் தொடக்கத்தைச் சொல்ல '^'. இந்த இரண்டையும் இப்போதைக்குத் தெரிந்துவைத்திருந்தால் போதும். இந்தக் குறிகளின் உலகம் பெரியது, அதற்குள் இன்று போனால் இருட்டிவிடும்.

கட், சி யூ டி. நிரல்களை வெட்டி எடுப்பது.

கட் -டி, -எஃப்2 நெல்லு

'காற்புள்ளி பிரிக்கிறது, இரண்டாவது நிரலைத் தா' என்று பொருள். எட்டு ஊர்ப் பெயர் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட் ஒரு மொட்டைக் கத்தி. முகவரிக்குள் காற்புள்ளி வந்து, அதை மேற்கோளுக்குள் வைத்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். நம் கோப்பில் அந்தப் பிரச்சினை இல்லை.

பூட்டுகிற இடம்

இப்போது பெரியப்பாவின் கேள்விப் பக்கம் ஒரு படி போவோம். எந்த ஊர் எத்தனை தடவை வருகிறது? யூனிக் என்றொரு கருவி இருக்கிறது. எழுத்து யூ என் ஐ கியூ, அதோடு முடிந்தது. பின்னால் இன்னும் இரண்டு எழுத்து வரும் என்று நம்பித் தட்டி ஏமாறாதவர் குறைவு. ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும். '-சி' கொடுத்தால் எத்தனை என்றும் சொல்லும்.

கட் தருகிற ஊர்ப் பெயர்களை யூனிக்குக்குக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு நிமிர்ந்த கோடு போடுகிறோம்.

கட் -டி, -எஃப்2 நெல்லு | யூனிக் -சி

இந்தக் கோடுதான் குழாய், பைப். இடப்பக்கக் கருவியிலிருந்து வெளியே வருவது திரைக்குப் போகாமல் வலப்பக்கக் கருவியின் வாய்க்குள் போகிறது. சாவிப்பலகையில் வலப்பக்கம், என்டர் விசைக்கு மேலேயோ அருகிலேயோ, பின்சாய்கோட்டுடன் சேர்ந்து இருக்கும்.

தட்டிப் பார்த்தால் ஏமாற்றம். எட்டு வரி, எல்லாவற்றுக்கும் முன்னால் 1. வட்டக்கச்சி மூன்று தடவை இருக்கிறதே?

யூனிக் அருகருகே இருக்கிற வரிகளை மட்டுமே ஒப்பிடும். போன வரியும் இந்த வரியும் ஒன்றா? ஒன்றென்றால் சேர்ப்பேன், இல்லையென்றால் புதிதாகத் தொடங்குவேன். அதற்கு அவ்வளவுதான் ஞாபகம். முட்டாள்தனம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரே ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதால் எவ்வளவு பெரிய கோப்பையும் சின்ன நினைவகத்தில் பார்த்து முடிக்கும். ஒரே மாதிரியானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து கொடுப்பது வேறொருவரின் வேலை. அவர் பெயர் சோர்ட், எஸ் ஓ ஆர் டி.

கட் -டி, -எஃப்2 நெல்லு | சோர்ட் | யூனிக் -சி | சோர்ட் -ஆர்என்

கடைசியில் இன்னொரு சோர்ட் இருக்கிறது: 'என்' எண்ணாகப் பார், 'ஆர்' பெரியதை மேலே வை. அந்த 'என்' முக்கியம். மூடை நிரலை 'என்' இல்லாமல் அடுக்கினால் 12, 18, 20, 25, 30, 36, 42 எல்லாம் வந்து கடைசியில்தான் 9 வரும். அகராதியில் சொற்களை முதலெழுத்தைப் பார்த்து அடுக்குவது போல, 1 என்ற எழுத்து 9 க்கு முன்னால் வருகிறது அல்லவா, அந்த நியாயம்.

இனி விடை:

3 வட்டக்கச்சி
2 உருத்திரபுரம்
1 வட்டகச்சி
1 முரசுமோட்டை
1 முரசுமோட்டை

இதைப் பார்த்துத்தான் பெரியப்பா இடையில் என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. முரசுமோட்டை ஏன் இரண்டு தரம்?

விடைக்குப் போகுமுன் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரியை நான் ஒரே மூச்சில் எழுதவில்லை. முதலில் கட் மட்டும் தட்டி என்டர். என்ன வருகிறது என்று பார்த்தேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரி திரும்ப வரும், அதன் வாலில் '| சோர்ட்' சேர்த்து மறுபடி என்டர். பார்த்தேன். பிறகு '| யூனிக் -சி'. ஒவ்வொரு பூட்டிலும் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்க்கலாம். கோப்பு பெரிதென்றால் வாலில் '| ஹெட்' (எச் ஈ ஏ டி) போட்டால் முதல் பத்து வரி மட்டும் காட்டும். இணையத்தில் யாரோ எழுதிய ஏழு குழாய் நீள வரியை அப்படியே ஒட்டி ஓடவிடுகிறவர்கள் பலர். எனக்கு அது பிடிப்பதில்லை. ஏழாவது குழாயில் தப்பு வந்தால் முதலாவதிலிருந்து நடந்து பார்க்கத்தான் வேண்டும்.

பார்வைக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு

வட்டகச்சி சுலபம். யாரோ 'க்' ஐ விழுங்கிவிட்டார். இப்படி எண்ணிப் பட்டியலிடுவதன் பெரிய இலாபமே இதுதான். ஆயிரம் வரியில் ஒளிந்திருக்கும் எழுத்துப் பிழை, பட்டியலின் அடியில் '1' என்ற எண்ணோடு தனியாக வந்து நிற்கும். நான் கணக்குக்கு முன்னால் எப்போதும் பட்டியலின் அடியைத்தான் பார்ப்பேன்.

முரசுமோட்டை வேறு கதை. இரண்டையும் எத்தனை தரம் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு வரியைக் கைபேசியில் தட்டியிருந்தார்கள். மற்றது பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எழுத்துரு மாற்றி வழியாக வந்து ஒட்டியது. இரண்டு வரியையும் தனித்தனியே 'டபிள்யூசி -சி' யிடம் கொடுத்துப் பைட்டுக்களை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளை, எண்ணினால் குட்டு உடையும். ஊர்ப் பெயர் மட்டும் ஒன்றில் 33 பைட், மற்றதில் 36. வரி முடிவுக்குரிய ஒரு பைட்டை நான் கழித்துவிட்டேன்.

கணக்கு இப்படி. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொது அட்டவணை. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீடும், யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது, மூன்று பைட் பிடிக்கும். அந்த முறையை 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்தார்கள். இன்று கைபேசி முதல் இணையம் வரை ஓடுவது அதுதான். நாம் முரசுமோட்டையை மு, ர, சு, மோ, ட், டை என்று ஆறு எழுத்தாக எண்ணுகிறோம். கணினிக்கு ம, உகரக் குறி, ர, ச, உகரக் குறி, ம, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என்று 11. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33.

அந்த ஓகாரக் குறியில்தான் வினை. அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் இரட்டைச் சுழிக் கொம்பு, பின்னால் வரும் அரவு என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பைட்டில் மூன்று கூடும். ஒகரத்திலும் ஔகாரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஔகாரத்தில் இன்னும் மோசம்: அந்தக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டி 'பெளர்ணமி' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். தேடினால் 'பௌர்ணமி' கிடைக்காது. கருவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவை பைட்டைப் பார்க்கின்றன, நாம் உருவத்தைப் பார்க்கிறோம்.

திருத்த உதவுவது செட், எஸ் ஈ டி. ஓடுகிற வரியிலேயே ஒன்றை எடுத்து மற்றதை வைக்கும். அதற்குக் கொடுக்கும் கட்டளை ஆங்கில எஸ் எழுத்தில் தொடங்கும். பிறகு சாய்கோடு, பழையது, சாய்கோடு, புதியது, சாய்கோடு:

செட் 'எஸ்/வட்டகச்சி/வட்டக்கச்சி/' நெல்லு

ஓகாரத்துக்கும் அதே மாதிரி: இரண்டு துண்டாக உள்ளதை எடு, ஒரே குறியாக உள்ளதை வை, வரியில் எத்தனை தரம் வந்தாலும் மாற்று. அந்த 'எத்தனை தரமும்' என்பதற்கு வாலில் ஆங்கில ஜி போட வேண்டும், இல்லாவிட்டால் வரிக்கு முதலாவதை மட்டும் மாற்றும். செட் மூலக் கோப்பைத் தொடாது. திருத்திய வரிகளை வெளியே விடும், அவ்வளவே. இரண்டு செட்டையும் முன்னால் பூட்டி அதே வரியை ஓடவிட்டால் வட்டக்கச்சி 4, முரசுமோட்டை 2, உருத்திரபுரம் 2. கூட்டினால் எட்டு. பெரியப்பா விரலால் கூட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. எழுத்துக்கு எழுத்து மாற்ற டிஆர் (டி, ஆர்) என்றொரு கருவி எல்லா நூலிலும் வரும். லினக்ஸில் பரவலாக உள்ள க்னூ டிஆர் தமிழ் எழுத்தைக் குதறிவிடும். அது பைட் பைட்டாக மாற்றும், நம் எழுத்தோ மூன்று பைட். தமிழுக்குச் செட்டே பாதுகாப்பு. சோர்ட்டும் நம் நெடுங்கணக்கை அப்படியே பின்பற்றும் என்று நம்ப வேண்டாம். மொழி அமைப்பு எதுவும் சொல்லாமல் பைட் வரிசைக்கு விட்டால், யூனிகோட் அட்டவணைப்படி ந வுக்கு அடுத்து ன வரும், ற வும் ள வும் ழ வும் வ வுக்கு முன்னால் வந்துவிடும். எண்ணுவதற்கு இது இடைஞ்சல் இல்லை. பெயர்ப் பட்டியல் அச்சடிப்பதென்றால் கவனம்.

மூடையைக் கூட்டுவது

பெரியப்பா கேட்டது எத்தனை தடவை என்றல்ல, எத்தனை மூடை என்று. அதற்கு ஓக், ஏ டபிள்யூ கே. 1977இல் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் என்ற மூவர் செய்தது, மூவரின் முதலெழுத்துமே பெயர். இது கருவி என்பதை விடக் குட்டி மொழி. '-எஃப்,' என்று சொன்னால் (இந்த எஃப் மட்டும் பெரிய எழுத்து) ஒவ்வொரு வரியையும் எடுத்துக் காற்புள்ளியில் தானே நிரல்களாகப் பிரிக்கும். $2 என்றால் ஊர், $4 என்றால் மூடை. நாம் அதனிடம் இரண்டு சுருட்டை அடைப்புக்குள் இரண்டு வாக்கியம் சொல்கிறோம். முதலாவது, ஒவ்வொரு வரிக்கும்: $2 இன் பெயர் எழுதிய பெட்டிக்குள் $4 ஐக் கூட்டு. இரண்டாவது, எண்ட் (ஈ என் டி, இதுவும் பெரிய எழுத்தில்) என்ற சொல்லுக்குப் பிறகு: வரிகள் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் தொகையையும் எழுது.

செட்டுக்கள் முன்னால், ஓக் பின்னால், கடைசியில் எண்படி அடுக்க ஒரு சோர்ட். வட்டக்கச்சி 99, முரசுமோட்டை 54, உருத்திரபுரம் 39. மொத்தம் 192. திருத்தாமல் கூட்டியிருந்தால் வட்டக்கச்சிக்கு 87 என்று வந்திருக்கும், 12 மூடை இல்லாத ஊரின் பெயரில் போயிருக்கும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

பலர் நினைப்பது: முதல் கருவி முழுவதும் முடித்து, எங்கேயோ சேமித்து, பிறகு இரண்டாவது தொடங்குகிறது என்று. அப்படியல்ல. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றன. இடையில் உள்ள குழாய் வட்டில் எழுதும் கோப்பு இல்லை. நினைவகத்தில் உள்ள ஒரு சின்னத் தொட்டி, லினக்ஸில் வழமையாக 65,536 பைட். தொட்டி நிரம்பினால் மேலே உள்ளவர் ஊற்றாமல் காத்திருப்பார். காலியானால் கீழே உள்ளவர் காத்திருப்பார். முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஆளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். யெஸ் (ஒய் ஈ எஸ்) என்ற கட்டளை ஆங்கில ஒய் எழுத்தை வரிக்கு ஒன்றாக நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும். தனியே ஓடவிட்டால் கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓயாது.

யெஸ் | ஹெட் -என் 5

ஐந்து வரி எழுதி உடனே நின்றுவிடும். ஹெட் தனக்கு வேண்டிய ஐந்தை எடுத்து வாயை மூடிவிட்டுப் போகிறது. கேட்க ஆளில்லாத குழாயில் யெஸ் ஊற்ற முயலும்போது இயங்குதளம் அதற்கு ஒரு சைகை அனுப்பி நிறுத்துகிறது. 'முதலாவது முடிந்த பிறகு இரண்டாவது' என்றிருந்தால் ஹெட்டுக்கு முறையே வந்திராது. சோர்ட் ஒரு விதிவிலக்கு: கடைசி வரியைப் பார்க்கும்வரை எது முதலாவது என்று அதற்குச் சொல்ல முடியாது. ஆகவே முழுவதையும் களத்தில் குவித்துக்கொண்டுதான் கொடுக்கத் தொடங்கும்.

இந்த யோசனை வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக் மெக்கில்ராய் 1964 ஒக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை இன்னொரு துண்டு திருகி நீட்டுவது போல, கணினிப் புரோகிராம்களையும் ஒன்றோடொன்று பூட்டுகிற வழி வேண்டும் என்று. விசுவமடுவில் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கிறவருக்கு இதில் புதினம் இல்லை. கணினியில் அது நடக்க ஒன்பது வருடம் ஆயிற்று. 1973இல், மெக்கில்ராயின் நச்சரிப்புத் தாங்காமல், கென் தொம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்தில் அதை ஒரே இரவில் செய்து முடித்தார். முதலில் வேறொரு குறியை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் இந்த நிமிர்ந்த கோட்டுக்கு வந்தார்கள். கிரெப்பும் தொம்சனின் கைவேலைதான்.

1986இல் இன்னொரு சம்பவம். ஒரு கணினி இதழில் பத்தி எழுதிவந்த ஜோன் பென்ட்லி, ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிப் பட்டியலிடும் புரோகிராமை எழுதித் தரும்படி டொனால்ட் கனூத்தைக் கேட்டார். கனூத் பெரிய மேதை, பல பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொடுத்தார். அதை விமர்சிக்கக் கேட்கப்பட்டவர் மெக்கில்ராய். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளைக் குழாய் வரியில் எழுதிக் காட்டினார். சொல்லுக்கு ஒரு வரியாக உடை, சிறிய எழுத்தாக்கு, சோர்ட், யூனிக் -சி, சோர்ட் -ஆர்என், மேலே உள்ளதை மட்டும் எடு. ஊர்களை எண்ண நாம் பூட்டிய அதே மூன்று துண்டும் நடுவில் அப்படியே இருக்கின்றன. நியாயமாகச் சொன்னால் போட்டி சமமில்லை. கனூத் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்தார், மெக்கில்ராயிடம் சுளகும் அரிதட்டும் ஏற்கெனவே இருந்தன.

என் தவறு ஒன்று

முடிவைக் கோப்பில் சேமிக்க '>' குறி. வலப்பக்கம் கோப்பின் பெயர்.

ஒருமுறை மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அடுக்கி அதே கோப்பிலேயே வைக்க நினைத்தேன். 'சோர்ட் பெயர்கள் > பெயர்கள்' என்று தட்டினேன். பட்டியல் முழுவதும் போய்விட்டது. பூச்சிய பைட். சோர்ட் தொடங்குமுன்பே, '>' ஐப் பார்த்த உடனே, நாம் தட்டுவதை வாங்கி ஓடவிடுகிற ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிடுகிறது. பிறகு சோர்ட் போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு மறுபடி தட்டினேன். "சேர், போன கிழமைதானே எழுதினீங்கள்?" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து வேறு பெயரில் எழுதி, பார்த்து, பிறகுதான் பெயர் மாற்றுவேன். திரையிலும் பார்க்க வேண்டும், கோப்பிலும் வைக்க வேண்டும் என்றால் டீ (டி ஈ ஈ) இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் மூன்று வாயோடு பூட்டுவோமே, அந்தத் துண்டின் பெயர்தான்.

கட்டளைகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அலியாஸ் (ஏ எல் ஐ ஏ எஸ்) என்ற வசதியால் கிரெப்புக்குத் 'தேடு' என்றும் சோர்ட்டுக்கு 'அடுக்கு' என்றும் பெயர் வைக்கலாம். வீட்டில் விளையாட நல்லது. ஆனால் வேறு கணினிக்குப் போனால் அங்கே உங்கள் 'தேடு' இருக்காது. ஆகவே உண்மைப் பெயர் விரலில் பதிந்த பிறகு செய்யுங்கள் என்பேன்.

பெரியப்பா அடுத்த நாளும் வந்தார், பழைய வருடங்களின் கணக்கோடு. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குழப்பம். பாமினி எழுத்துருவில் தட்டியது. இங்கே பாமினியில் தட்டாத அலுவலகம் அரிது. அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உருவத்தில் வரைந்து காட்டியது எழுத்துருவின் வேலை. கிரெப்பிடம் வட்டக்கச்சியைக் கேட்டால் சும்மா நிற்கும்.

மாற்றுவதும் செட் வேலைதான், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி. மொக்கையாக மாற்றினால் பிழை வரும். பாமினியில் கொம்பு, எழுதுகிற மாதிரியே, மெய்க்கு முன்னால் தட்டப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். எனவே முதலில் கொம்பையும் மெய்யையும் இடம் மாற்ற வேண்டும். அதன் பிறகே கொம்பும் அரவும் சேர்ந்து ஒகரமோ ஓகாரமோ ஆகும். அந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு மாற்றிதான் நம்முடைய இரண்டாவது முரசுமோட்டையைப் பெற்றிருக்க வேண்டும். உகர எழுத்துக்கள் வரை எழுதிவிட்டேன். இப்போது கொம்பில் நிற்கிறேன். பெரியப்பா தினமும் பின்னேரம் தேத்தண்ணிக்கு வருகிறார், திரையைப் பார்க்கிறார், "எந்த இடத்தில நிக்குது?" என்கிறார்.